வீட்டில் பார்த்தோளூ

ஜொஹரா எழுதியதைப் படித்து ஒரு கூட்டமே சிரித்திருந்தது. கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் அவளுடைய மெசேஜின் அடியில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. சிரிக்கும்படி அவள் ஒன்றும் எழுதவில்லை. நான் இல்லாதபோது என் வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தாள், அவ்வளவுதான். மருந்துக்கடை கவுண்டரில் நின்றபடி திரும்பத் திரும்பப் படித்தும் அதில் என்ன வேடிக்கை என்று பிடிபடவில்லை.

என்ட்ரன்ஸ் எழுதும் பிள்ளைகளின் அம்மாக்கள் குரூப் அது. அதில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. கோவிந்த் அம்மா, ஸாதனா அம்மா, அபிராம் அம்மா என்று பிள்ளையை வைத்துத்தான் ஆளே. ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லத் தொடங்கிய குரூப் என்பார்கள். ஆறுதல் சொல்லும் சாக்கில் தன் பிள்ளை மாடல் டெஸ்டில் வாங்கிய மார்க்கையும் நைசாக நுழைத்துவிட்டுப் போவார்கள். பிரம்மி நெய் சாப்பிட்டால் ஞாபகசக்தி வரும் என்று காலையில் ஒருத்தி எழுதினால், மத்தியானத்துக்குள் மட்டாஞ்சேரி மருந்துக்கடைகளில் பிரம்மி நெய் தீர்ந்துபோகும். ஜொஹராவே எடுத்து எடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்திருக்கிறாள்.

அந்தக் குரூப்பில் உருப்படியான வழக்கம் ஒன்று இருந்தது. ஒரு அம்மா வெளியே போக வேண்டி வந்தால் இன்னொரு அம்மா வீடியோ காலில் வந்து பிள்ளைக்குத் துணையாக இருப்பாள். பிள்ளை படிக்கும் மேசைமேல் போனைச் சாய்த்து வைத்துவிடுவார்கள். பேச்சு கிடையாது. ஒரு ஜோடிக் கண் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை தூங்காது என்று கணக்கு.

ஜொஹராவுக்கு மார்க்கைவிட வேறு பயம் இருந்தது. போன வருஷம் ரிசல்ட் வந்த அன்று ஜுமானாவைக் காணவில்லை. தேடிப் போன கணவன் ஷானவாஸ், போட் ஜெட்டியின் கடைசிப் படியில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்ற மகளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான். ஏன் போனாள் என்று அவள் அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஜொஹராவும் கேட்கவில்லை, கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம்தான். இப்போது மறுபடியும் எழுதப்போகிறாள். ஷானவாஸுக்கு ஏலூர் ஃபேக்டரியில் ஈவினிங் ஷிஃப்ட். சாயங்காலமெல்லாம் மகள் அந்த மாடி வீட்டில் தனியேதான் இருக்க வேண்டும்.

அதனால்தான் குரூப்பில் கேட்டாள். வீட்டில் பேசுவது தமிழ், எழுதத் தெரிந்தது மலையாளம் மட்டும். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பங்களில் அவள் வயசுக்காரர்கள் பாதிப்பேர் அப்படித்தான். அவசரமாக மலையாள எழுத்தில் தட்டினாள்: "ஞான் இல்லாத்தப்போள் என்றெ வீட்டில் பார்த்தோளூ."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரே ஒருத்தி மட்டும் சிரிக்காமல் பதில் போட்டிருந்தாள். சுதீர் அம்மா என்று பெயர். முகம் தெரியும் படம் இல்லை, மேசையும் அதன் முன்னால் காலியான ஒரு நாற்காலியும் மட்டும்.

"சரி. பார்த்தோளாம்."

நல்ல மனசுக்காரி என்று ஜொஹரா நினைத்துக்கொண்டாள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஜுமானா முகத்தில் தெளிவு வந்தது. கடையிலிருந்து ஜொஹரா திரும்பும்போது புத்தகமும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பாள். போன் மேசையில் சாய்ந்திருக்கும், திரை அணைந்திருக்கும். எப்போது அணைத்தாய் என்றால், இப்பத்தான் என்பாள்.

பிறகு வீடு கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறியது. அடுப்புக்கு வலப்பக்கம் இருக்க வேண்டிய உப்பு டப்பா இடப்பக்கம் போயிருந்தது. எடுத்து வைத்தாள். மறுநாளும் இடப்பக்கமே இருந்தது. தொட்டியில் கழுவிக் கவிழ்த்த சாயா கிளாஸ் இரண்டு. கீழே சுக்கு கோடவுன் என்பதால் அந்த வீட்டுச் சுவருக்கே ஒரு காரமான மணம் உண்டு. குடிவந்த புதிதில் தும்மித் தள்ளியவர்கள் இப்போது அதை உணர்வதுகூட இல்லை. அந்த மணத்தை மீறிக்கொண்டு இப்போது நனைந்த சாக்கு வாடை ஒன்று படுக்கையறையில் நின்றது. ஜன்னலைத் திறந்தாலும் போகவில்லை. ஜொஹரா போர்வையை உதறி, தலையணையை எடுத்து மோந்து பார்த்தாள். அவள் படுக்கும் பக்கத்தில் மெத்தை குழிந்திருந்தது. கை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது.

மகள்மேல்தான் முதல் சந்தேகம் விழுந்தது. யாரையோ வீட்டுக்குள் கூட்டி வருகிறாள், தோழியா, பையனா, தெரியவில்லை. ஜொஹரா வாய்விட்டுக் கேட்காமல் வேவு பார்க்கத் தொடங்கினாள். சொல்லாமல் கொள்ளாமல் சாயா இடைவேளையில் வந்து நின்றாள். படியில் வேறு செருப்பு கிடக்கிறதா என்று பார்த்தாள். எதிர்வீட்டுக்காரியிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்தாள். யாரும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை என்றாள் அவள். உங்கள் குரல்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறது, பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிறீர்களா என்றும் கேட்டாள்.

பத்தாம் கிளாஸோடு படிப்பை நிறுத்தியவள் ஜொஹரா.

அன்று சோறு போட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டபோது, பசிக்கவில்லை, இப்பத்தானே சாப்பிட்டேன் என்றாள் ஜுமானா. சட்டியில் சோறு வைத்தபடியே இருந்தது. ஜொஹராவுக்குக் கோபம் முட்டிக்கொண்டு வந்தது. என்னிடம் மறைக்க உனக்கு என்னடி இருக்கிறது என்று கத்திவிட்டாள். ஜுமானா திகைத்து நிமிர்ந்தாள்.

"எதை மறைச்சேன்? போட் ஜெட்டிக்கு ஏன் போனேங்கிறதுகூட நேத்து சொன்னேனே. நீங்க அழுதீங்களே அம்மா."

நேற்றுச் சாயங்காலம் முழுக்க ஜொஹரா கடையில் சர்க்கரை மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக அவள் கேட்கத் துணியாததை யாரோ கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டார்கள். அதற்காக அழவும் அழுதுவிட்டார்கள். பயத்தோடு பொறாமையும் சேர்ந்துகொண்டது. அதை மறுபடியும் சொல்லு என்று இப்போதும் மகளிடம் கேட்கவில்லை.

மறுநாள் கடைக்கு வந்ததும் சுதீர் அம்மாவின் நம்பருக்குக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. குரூப்பை நடத்தும் கோவிந்த் அம்மாவைத் தனியே பிடித்து, அந்த அம்மா யார், எந்த ஊர் என்று விசாரித்தாள். அவளுக்கும் தெரியவில்லை. குரூப் பழசு, வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு சீட் கிடைத்ததும் அம்மாக்கள் விலகிப்போவார்கள், புது அம்மாக்கள் வருவார்கள். நான் பொறுப்பெடுக்கும் முன்பிருந்தே அவர் இருக்கிறார், விலகவே இல்லை என்று சொன்னாள். கடைசியில் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பையன் இன்னும் எழுதி முடிக்கல்லியோ என்னவோ" என்றாள்.

அந்தச் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. இடவப்பாதிப் பருவமழைக்கு முன்னால் வரும் இடிமழை, ஓட்டைப் பெயர்த்துவிடுவதுபோலக் கொட்டியது. பஜார் ரோட்டில் கரண்ட் போனது. கடையில் ஆள் இல்லை. கூட வேலை செய்யும் மாதுரி, எமர்ஜென்ஸி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏன் சேச்சி முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஜொஹரா போனைத் திறந்து அவளிடம் நீட்டினாள். மாதுரி வைப்பின் தீவில் பிறந்து வளர்ந்த மலையாளப் பெண், ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவள். படித்ததும் அவளும் சிரித்தாள்.

சேச்சி தமிழை மலையாளத்தில் எழுதிவிட்டீர்கள் என்றாள். பார்க்குக என்றால் மலையாளத்தில் கண்ணால் பார்ப்பது இல்லையாம். குடியிருப்பதாம். பழைய சொல், இப்போது யாரும் பேச்சில் சொல்வதில்லை, பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும்.

"என்றெ வீட்டில் வந்து குடியிருந்தோளூன்னு எழுதியிருக்கீங்க சேச்சி. அதான் சிரிச்சிருக்காங்க."

"அப்ப இது?" ஜொஹரா கீழே இருந்த பதிலைக் காட்டினாள்.

மாதுரியின் சிரிப்பு மெல்ல நின்றது. "சரி, குடியிருக்கேன்னு அர்த்தம்."

ஜொஹரா போனைப் பிடுங்கி மகளுக்கு அடித்தாள். மணி ஒலித்தது. ஒலித்துக்கொண்டே இருந்தது. கடைசியில், பின்னணி மழையோடு ஜுமானாவின் குரல் வந்தது, அந்நியர்களிடம் பேசும் மரியாதைக் குரல்.

"ஹலோ, ஆரு?"

"ஜுமானா, அம்மா பேசறேன். தனியாவா இருக்கே?"

"இல்லியே. அம்மா பக்கத்துல இருக்காங்க. நீங்க ஆரு?"

போன் வைக்கப்பட்டது. குரூப்பைத் திறந்தாள். சுதீர் அம்மா என்ற பெயர் அங்கே இல்லை. காலி நாற்காலிப் படத்துக்குப் பக்கத்தில் இப்போது ஜுமானா அம்மா என்று இருந்தது. போய்விடுங்கள், என் வீட்டை விட்டுப் போய்விடுங்கள் என்று ஜொஹரா தட்டினாள். பதில் உடனே வந்தது.

"பார்க்கான் பறஞ்ஞில்லே?" குடியிருக்கச் சொன்னாயே.

அடுத்து ஏதோ எழுதப் போனாள். குரூப்பிலிருந்து அவளை நீக்கிவிட்டிருந்தார்கள்.

குடை எடுக்க மறந்து ஓடினாள். ரோட்டில் முழங்கால் தண்ணீர். பூட்டிய கோடவுன் கதவுகளுக்குப் பின்னாலிருந்து சுக்கும் மிளகும் ஈரத்தில் ஊறி மூச்சை முட்டின. அந்தி வெளிச்சம் ஒழுகிப்போய்க்கொண்டிருந்தது. பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு மழைக்குள் மங்கலாகக் கேட்டது. ஏலூருக்கு அடித்தாள், ஷானவாஸ் எடுக்கவில்லை. ஃபேக்டரிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். சந்துக்குள் திரும்பி மேலே பார்த்தாள். தெருவே இருண்டு கிடக்க, அவள் வீட்டு ஜன்னலில் மட்டும் மெழுகுவத்தி வெளிச்சம்.

படி ஏறினாள். மரப்படி எப்போதும் அவள் காலுக்கு முனகும். இன்று முனகவில்லை.

கதவு சாத்தியிருந்தது. தாழ் இல்லை. தள்ளினாள். உள்சங்கிலி தடுத்தது. இரண்டு விரல் இடைவெளி. நனைந்த சாக்கு வாடை முகத்தில் அடித்தது.

உள்ளே குரல் கேட்டது. பரிணாமம், செல், ஏதேதோ பாடம். சீரான, அலுக்காத குரல். ஜொஹராவின் குரல்.

"ஜுமானா."

மகள் திரும்பவில்லை. மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பேனா நிற்கவே இல்லை. கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. முகத்தில் பயம் இல்லை. போன வருஷத்துக்குப் பிறகு ஜொஹரா பார்க்காத ஒரு நிம்மதி இருந்தது.

"மோளே. அம்மாடி. இங்க பாரு."

ஜுமானா வாயைத் திறந்தாள். பதில் சொல்ல இல்லை. பக்கவாட்டிலிருந்து ஒரு கை வந்தது. சோற்று உருண்டை. குழந்தைக்கு ஊட்டுவதுபோல ஊட்டியது. அவள் மென்றாள். எழுதினாள். மறுபடி வாயைத் திறந்தாள். மறுபடி கை வந்தது.

கதவோரம் மறைத்ததால் முகம் தெரியவில்லை. கை மட்டும்தான். நீல நைட்டியின் கை. அது ஜொஹராவுடைய நைட்டி. காலையில் கொடியில் போட்டுவிட்டு வந்தது.

சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். தோளால் மோதினாள். அலறினாள். தன் குரல் வெளியே வருகிறதா என்றே தெரியவில்லை. உள்ளே இருந்த குரல்தான் கேட்டது. பாடம் நிற்கவில்லை.

இன்னொரு கை வந்தது. அதே நீல நைட்டி. ஜுமானாவின் தலையை மெல்லக் கோதியது. அவள் கண்ணை மூடி அந்தக் கையில் சாய்ந்தாள்.

ஒரு கை ஊட்டிக்கொண்டிருந்தது. ஒரு கை கோதிக்கொண்டிருந்தது.

கதவின் உள்விளிம்பில், ஜொஹராவின் முகத்துக்கு நேராக, நீல நைட்டிக்குள்ளிருந்து மூன்றாவது கை ஒன்று நீண்டு வந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்தியது.