சிவப்பு மூடி

சுவருக்கு அப்பால் யாரோ இருமினார்கள்.

ஜமீலுன்னிசாவின் கையிலிருந்த முறம் சாய்ந்து அரிசி சிதறியது. பக்கத்துக் குடித்தனம் பூட்டிக் கிடக்கிறது. சுந்தரவல்லியும் புருஷனும் மகளைப் பறிகொடுத்த கையோடு தென்காசிக்கு ரயிலேறிவிட்டார்கள். ஆனாலும் அது அவளுக்குத் தெரிந்த இருமல். மூச்சுவிட இடமில்லாமல் தொடர்ந்து இருமி, கடைசியில் கீச்சென்று காற்றை உள்ளே இழுக்கும் கக்குவான்.

மயிலாப்பூரில் மழைச் சாயங்காலம். ஓட்டிலிருந்து ஒழுகும் நீர் வாளியில் சொட்ட, ஈரச்சுவரின் பூஞ்சை வாடையோடு எங்கிருந்தோ தைல வாசனையும் கலந்து வர, அவள் பாயைப் பார்த்தாள். இனாயத் தூங்கிக்கொண்டிருந்தான். மூன்று பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்த பிறகு மிஞ்சியவன். அவன் மார்பு சீராக ஏறி இறங்கியது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. சீமையிலிருந்து வந்த புது மருந்தைக் கோபாலபுரத்து டாக்டர் ஒருவர் கக்குவான் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். இனாயத்துக்கு வெள்ளை மூடி போட்ட புட்டி. சுந்தரவல்லியின் மகள் ஜெயபாரதிக்குச் சிவப்பு மூடி.

"எதும்மா நெஜ மருந்து?" என்று ஜமீலுன்னிசா நர்ஸ் பங்கஜத்திடம் கேட்டாள்.

"தெரிஞ்சு நீ இன்னா பண்ணப் போறே? ஒரு கொயந்தைக்கு இது, அடுத்ததுக்கு அது. டாக்டரே வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு."

அன்றே இரண்டையும் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். வெள்ளை மூடி, வெறும் சர்க்கரைத் தண்ணீர். சிவப்பு மூடி, குடலைப் பிரட்டும் கசப்பு.

புருஷன் வேலை செய்யும் தியாகராய நகர் ஜவுளிக்கடைக்குச் சோறு கொண்டுபோகும் சுந்தரவல்லி, மகளை மத்தியானத்தில் ஜமீலுன்னிசாவிடம்தான் விட்டுப் போவாள், புட்டியோடு. மருந்தென்றால் அந்தப் பெண் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடித்தான் வாயைத் திறக்கும். புட்டிகள் ஒரே மாதிரி. மூடிகளை மாற்றிப் போடக் கண்ணிமைக்கும் நேரம் போதும்.

சுந்தரவல்லி சிரித்தாள். "ஒங்க கையில என்ன மாயமோ, மதினி. இப்பம் மூஞ்சியச் சுளிக்காமக் குடிக்கா."

ஜமீலுன்னிசாவும் சிரித்தாள்.

இனாயத் தேறினான். ஜெயபாரதி போனாள்.

மறுபடி இருமல்.

சுவரில் காதை வைத்தாள். சில்லென்றிருந்தது. அந்தப் பக்கம் பாய் உரசியது. ஏதோ சுவரை நெருங்கி வந்தது. கீச்சென்று மூச்சை இழுத்தது.

பிறகு ஒன்றுமில்லை. வாளியில் சொட்டுவதும் நின்றிருந்தது.

மீண்டும் இருமல். சுவருக்கு அப்பாலிருந்து அல்ல. அவள் முதுகுக்குப் பின்னால்.

திரும்பினாள்.

இனாயத் பாயில் உட்கார்ந்திருந்தான். கண்கள் இறுக மூடியிருந்தன. இரண்டு கைகளும் காதுகளைப் பிடித்திருந்தன. வாய் திறந்திருந்தது.

"இன்னாடா கண்ணு?"

மெட்ராஸைத் தாண்டாத பிள்ளை. உதடு அசையவில்லை. குரல் மட்டும் வந்தது, தென்காசிப் பேச்சில்.

"அத்தே, இப்பமாது எம் மருந்தத் தருவியளா?"