அறுபட்ட கல்

வெள்ளிமலையைத் தாண்டி அந்தப் பழைய ஓட்டு வீட்டின் முன் ஜீப் நின்றபோது மதியம்தான். ஆனாலும் பனிமூட்டம் இறங்கி, பொழுது சாய்ந்த மாதிரி இருட்டிக் கிடந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த ஆராய்ச்சிக் குழு என்று பார்த்தால் மூன்றே பேர். பாறைகளைப் படிக்கும் அபிநயா, வரலாறு படிக்கும் நிஷாத், இருவருக்கும் வழிகாட்டியான பேராசிரியர் வெங்கடேசன். நிஷாத்துக்கு வாய் ஓயாது. வழியெல்லாம் அபிநயாவைக் கிண்டல் செய்தே சிரிக்க வைத்தான். அவன் கூட இருந்தால் அவளுக்கு எந்த ஊரும் சொந்த ஊர்தான்.

சாமான்களை இறக்கியதும் அவன் ஊர்க்காரர்களின் பேச்சைப் பதிவு செய்யப் போனான். திரும்பியபோது முகம் வெளிறியிருந்தது.

"அபி, போன தபா இங்க வந்தப்ப கல்லு எங்க எடுத்த?"

"ரோட்டு வளைவுல குமிச்சு வச்சிருந்தாங்களே, அங்கதான். எல்லா தினுசுக் கல்லும் ஒரே எடத்துல கெடச்சுது. இன்னா இப்ப?"

"அய்யோ பைத்தியமே! எந்தக் காலத்துலயோ ஒரு கொலகாரன அங்கதான் கல்லாலயே அடிச்சுக் கொன்னாங்களாம். அவன் எழுந்துக்கக் கூடாதுன்னுதான் போறவங்க வர்றவங்க ஆளுக்கொரு கல்லு வச்சிக்கினு போறாங்க. நீ அத எடுத்தாந்துட்டியேடி!"

பேராசிரியர் சிரித்தார். "உன் கதைய உன் கட்டுரையில எழுதுப்பா. அவ பாறையப் பாக்கட்டும்."

கூரைமேல் ஏதோ விழுந்தது.

டொக்.

மறுபடியும். ஓடு உடைந்து தூசி கொட்டியது.

"எவன்டா அது?" என்று கதவைத் திறந்தார் பேராசிரியர். அவர் வாயிலேயே வந்து மோதியது ஒரு கல். பற்கள் தெறித்து அபிநயாவின் காலடியில் விழுந்தன. கத்தக்கூட முடியாமல் வாசற்படியில் சரிந்தார் மனிதர். வெளியே ஆள் அரவமே இல்லை. ஈரக்காற்றில் ரத்த வாடை வீசியது.

போன முறை எடுத்த கற்களை மலைப்பாறையோடு ஒப்பிட்டுப் பார்க்க அவள் மூட்டையாகக் கொண்டுவந்திருந்தாள். "வா, திருப்பி வச்சிடலாம்" என்று நிஷாத் அதைத் தோளில் தூக்கினான். வளைவை நோக்கி ஓடினார்கள். ஒரு கல் அவள் விலாவைப் பதம் பார்த்தது. இன்னொன்று அவன் காதைக் கிழித்துக்கொண்டு போனது.

குவியலில் ஒவ்வொன்றாக வைத்தார்கள். வைக்க வைக்க அடி குறைந்தது. மூட்டை காலியானது.

"அவ்ளோதானே?" என்று கிசுகிசுத்தான்.

ஒரு கல்லை மட்டும் அவள் கல்லூரியிலேயே அறுத்திருந்தாள். மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்காக அதில் ஒரு சீவலைக் காகிதம்போல் தேய்த்து, கண்ணாடித் துண்டில் ஒட்டியிருந்தாள். மிச்சக் கல்லும் ஆய்வகத்திலேயே கிடந்தது.

"இல்லடா..."

சொல்லி முடிப்பதற்குள் அவன் மண்டை பிளந்தது.

விழுந்தவன் மேல் அதே கல் எழும்பி எழும்பி இறங்கியது. தடுக்கப் போன அவள் விரல்கள் நொறுங்கின. சூடான ரத்தம் முகத்தில் அடித்தது. கடைசியில் கல் உருண்டு அவள் முழங்காலில் முட்டி நின்றது.

அதன் ஒரு பக்கம் வழவழவென்று அறுபட்டிருந்தது.

பேராசிரியர் பிழைத்தார், தாடையில் கம்பியோடு. நடந்ததைச் சொன்னால் யார் நம்புவார்கள்? கைக்கட்டுப் பிரிப்பதற்கு முன்பே அபிநயா அந்தக் கண்ணாடித் துண்டை எடுத்துக்கொண்டு தனியாக மலையேறினாள். நிஷாத்தைப் போல இன்னொரு உயிர் போய்விடக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு. அறுபட்ட கல் குவியலின் உச்சியில் இருந்தது. அதன்மேல் கண்ணாடியை வைத்தாள். காற்றே நின்றுபோயிற்று. "முடிஞ்சுதுடா சாமி" என்று அழுதுகொண்டே திரும்பினாள்.

சின்னக் கல் ஒன்று உருண்டு வந்து குதிகாலைத் தொட்டது.

"அபி." நிஷாத்தின் குரல். அதே கிண்டல். "அவனுக்கு வச்சிட்ட. எனக்கு எப்ப வைக்கப் போற?"

அந்தக் கல்லை எடுத்தாள். அதை வைத்தால் அவன் எழவே மாட்டான்; வைக்க மனசு வரவில்லை. பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

பின்னால் குவியல் சரியும் சத்தம் கேட்டது.