கட்டிலுக்கடியில் வெள்ளைமண்

மதியத் தூக்கம் கலைந்து காலைக் கீழே வைத்த யாக்கூமிஸின் உள்ளங்காலில் மாவு மாதிரி ஏதோ ஒட்டியது. குனிந்து பார்த்தான். கட்டிலுக்கடியில் சுத்தமாகப் பெருக்கி, சலித்த வெள்ளைமண்ணை வட்டமாகப் பரப்பி, யாரோ உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்திருந்தார்கள். கிரேக்கத்தின் கியோஸ் தீவில் மஸ்தகி மரத்தைக் கீறுவதற்கு முன்னால், வடிகிற பிசின் அழுக்காகாமல் விழட்டும் என்று மரத்தடியில் பரப்புகிற அதே மண்.

அண்ணி அங்கேரூவின் வேலை என்று முடிவுகட்டினான். அவளுக்கு வேறு என்ன பிழைப்பு? அண்ணன் பந்தெலிஸ் செத்ததிலிருந்து கறுப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு மரம் மரமாகப் போய்ப் புலம்புகிறாள். அண்ணன் மட்டும் என்ன வாழ்ந்துவிட்டான்? கிளையைக் குழந்தையின் கை போல மெல்லத் திருப்பி, புதுப் பட்டையாகத் தேடி, நகமளவு நாலைந்து கீறல் போட்டுவிட்டுப் போதும் என்று திரும்பிவிடுகிற மந்தன்.

யாக்கூமிஸ் அப்படியா? பிசினைக் காய்ச்சி எண்ணெய் இறக்கி, பிரான்சில் செண்ட் கலக்குகிறவர்களுக்கு அனுப்புகிறவன். வாசனை மேலோடு நிற்கிறது, உயிர் இல்லை என்று அவர்கள் உதட்டைப் பிதுக்கியதும், அண்ணனின் கிழட்டு மரத்துக்குப் போனான். அடியிலிருந்து நுனிவரை ஆழமாகக் கீறினான்.

போன வாரம் அங்கேரூ வாசலில் வந்து நின்றாள்.

"கட்டைவரைக்கும் கீறியிருக்கியே தம்பி. இலையெல்லாம் கொட்டிடுச்சு. சாகறப்போ அதைப் பாத்துக்கன்னுதானே உன் கையப் பிடிச்சாரு?"

"வடியறதுக்குத்தானே அண்ணி வளக்கறோம்? உங்க ஒப்பாரிய அந்தக் கட்டைகிட்டயே போய் வைங்க."

அந்தக் கோபத்தில்தான் மண்ணைக் கொட்டியிருக்கிறாள் என்று, கூட்டியள்ளிச் சந்தில் வீசினான்.

மறுநாள் மதியம் கதவைத் தாழிட்டு, ஜன்னல் பலகைகளைச் சாத்தி, அவளைக் கையும் களவுமாகப் பிடிக்கத் தூங்குவது போலப் படுத்தான். வெளியே சிள்வண்டுகள் காது அடைக்கக் கத்திக்கொண்டிருந்தன, மூலையில் காய்ச்சும் செம்புப் பானை சூடு தணிந்து டிக்டிக்கென்று முனகியது, கல்சுவரின் புழுக்கத்தில் பழைய பிசின் வாடை மெல்லக் கசிந்து கட்டிலைச் சூழ்ந்தது. பிறகு துடைப்பச் சத்தம். நிதானமாக, கட்டிலுக்கடியில். அதன்பின் சல்லடை அசைகிற சத்தம்.

கிழவி எலி மாதிரி நுழைந்துவிட்டாள் என்று சிரிக்கப் போனான். கண் தாழ்ப்பாளுக்குப் போனது. போட்டபடியே இருந்தது.

"அண்ணி?"

தூரத்தில், சந்துக் கோடியில், அங்கேரூ பக்கத்து வீட்டுக்காரியோடு தக்காளி காயவைப்பதைப் பற்றிப் பேசுவது தெளிவாகக் கேட்டது.

அடியில் உள்ளங்கை மண்ணைத் தட்டியது. தட். தட். நின்றது.

எழ நினைத்தான். கால் வரவில்லை. விறைத்துக் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே சுருக்கென்றது. பார்த்தான். நகமளவு கீறல். ரத்தம் இல்லை. தெளிந்த துளி ஒன்று அங்கே திரண்டது. தொட்டான். விரல் ஒட்டியது. முகர்ந்தான். எத்தனை பானை காய்ச்சியும் கிடைக்காத வாசனை, அந்த உயிர். அந்தப் பயத்திலும், இதுதான் அது என்று பூரித்தது, வெட்கங்கெட்ட மூக்கு.

சில்லென்ற கை ஒன்று அவன் கையைப் பற்றியது. மெல்லத் திருப்பியது. புதுத் தோலாகத் தேடியது. நகமளவு ஒரு கீறல்.

அண்ணன் கை.

நாலைந்தோடு நின்றுவிடும் என்று நம்பினான். நிற்கவில்லை. ஆழமாகப் போனது. எலும்புவரை. அடியிலிருந்து நுனிவரை. கத்த வாய் திறந்தான். உதடு பிசினாக ஒட்டிக்கொண்டது.

கட்டிலுக்கடியில், சமன் செய்த வெள்ளைமண்ணில், சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கியது. துளி அழுக்கில்லை.