பாப்புவின் படுக்கையறை

அழித்துவிட்ட பயனர் கணக்கு கம்ப்யூட்டரில் பெயராகத் தெரியாது. பெயர் இருந்த இடத்தில் நீளமாக ஓர் எண் மட்டும் நிற்கும். வீட்டில் இருந்தபடியே போனில் ஊராருக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்த்துச் சொல்வதுதான் அவளுக்கு வேலை. இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அன்று சாயங்காலம், திறக்க மறுத்த ஃபோல்டருக்கு உரிமையாளர் யார் என்று பார்த்தபோது எண் எதுவும் தெரியவில்லை. 'பாப்பு' என்று தெரிந்தது.

பாப்பு அவள் கணவரின் மூத்தாள். செத்து மூன்று வருஷம் ஆகிறது. அவளுடைய கணக்கைப் போன வாரம்தான் இவள் தன் கையாலேயே அழித்திருந்தாள்.

கணவரிடம், "அப்கிரேட் பண்ணப்போ அதுவா போயிடுச்சுங்க" என்று சொல்லி வைத்தாள். பச்சைப் பொய். பொறாமைதான் காரணம், வேறென்ன? மூத்தாளுக்கு ஒரு வீடு கட்டும் விளையாட்டின்மேல் பைத்தியம். விளையாட்டில் இல்லாத பொருட்களைத் தானே வரைந்து உள்ளே சேர்ப்பாள். அதற்கு 'மாட்' என்று பெயராம். அப்படிச் சேர்த்துச் சேர்த்து, இந்த வீட்டையே, ஜன்னல் கம்பியில் இருக்கிற துரு வரைக்கும், விளையாட்டுக்குள் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவர் வேலை விட்டு வந்ததும் வராததுமாக அதற்குள் நுழைந்துவிடுவார். சும்மா அறை அறையாக நடப்பார். நடந்துகொண்டே சிரிப்பார். கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் இவளைப் பார்த்து ஒரு நாள்கூட அப்படிச் சிரித்ததில்லை. இவளைக் கூப்பிட ஒரு செல்லப் பெயர்கூட அவரிடம் இல்லை. எப்போதும் "இங்க பாரு" தான். சக்களத்தி உயிரோடு இருந்தாலாவது முடியைப் பிடித்து உலுக்கலாம். செத்தவளோடு யார் சண்டை போடுவது? அதனால்தான் கணக்கை அழித்தாள்; அதோடு அந்த விளையாட்டு வீடும் திறக்காமல் போனது.

"இங்க பாரு, எப்படியாவது அதச் சரி பண்ணிக் குடுத்துடு," என்று காலையில் கிளம்பும்போது கெஞ்சினார். "நாலு நாளா சோறு எறங்கல எனக்கு."

"சாயங்காலம் நீங்க வர்றதுக்குள்ள பண்ணிடறேங்க."

பண்ணத்தான் உட்கார்ந்தாள். ஆனால் இனிமேல் அந்த வீடு தன் பெயரில் இருக்க வேண்டும். உரிமையாளர் கட்டத்தில் 'பாப்பு'வை எடுத்துவிட்டுத் தன் கணக்கின் பெயரைப் போட்டாள்: வீட்டுக்காரி. உள்ளே இருக்கும் எல்லா ஃபோல்டருக்கும் சேர்த்து மாற்றச் சொன்னாள்.

'கூடம்' மாறியது. அப்போது நிஜக் கூடத்தில் திரைச்சீலை வளையங்கள் கம்பியில் ஒவ்வொன்றாக நகரும் மெல்லிய ஓசை, காற்றே இல்லாத அந்த மப்பும் மந்தாரமுமான சாயங்காலத்தில், நிதானமாக ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய் நின்றது. 'சமையலறை' மாறியது. அங்கே ஒரு தட்டு கீழே விழுந்து, தரையில் சுழன்று சுழன்று, தானாக அடங்குவதற்குள் யாரோ கையால் அமுக்கியதுபோல் சட்டென்று நின்றது. கூடவே எலுமிச்சை சோப்பு வாசனை. மூத்தாள் பாதி தேய்த்து வைத்துவிட்டுப் போன சோப்பை அவர் அலமாரியில் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அதை இவள் போன மாதமே குப்பையில் போட்டுவிட்டாள்.

'படுக்கையறை' மாறவில்லை.

அனுமதி மறுக்கப்பட்டது. வேறொருவர் இதைத் திறந்து வைத்திருக்கிறார்.

மறுபடி அழுத்தினாள். மறுப்பு. மறுபடி. மறுப்பு.

பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டது. போயும் போயும் படுக்கையறையா! "எல்லோருக்கும் முழு அனுமதின்னு டிக் போட்டீங்கன்னா, வாசக்கதவைக் கழட்டி வெச்ச மாதிரி சார்," என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேரைத் திட்டுகிறவள் அவள். ஊருக்குத்தானே உபதேசம். பல்லைக் கடித்துக்கொண்டு 'எல்லோருக்கும்' என்ற கட்டத்தில் அவளே டிக் போட்டாள்.

திறந்துகொண்டது.

விளையாட்டை ஓடவிட்டாள். திரையில் அந்தப் படுக்கையறை. கதவுக்குப் பின்னால் கொக்கியில் ஒரு பச்சை நைட்டி தொங்கியது. பை கிழிந்த நைட்டி. இவளுடையது. காலையில் கழற்றி மாட்டியது.

அந்த நைட்டியை வரைந்து உள்ளே சேர்த்த தேதியைப் பார்த்தாள். இன்று. இந்த நிமிஷம்.

மறுபடி திரையைப் பார்த்தபோது கொக்கி காலியாக இருந்தது.

கூடத்துக்கு அந்தப் பக்கம், நிஜப் படுக்கையறையின் தாழ்ப்பாள் விலகியது.

வாசலில் சாவி திரும்பியது. அப்பாடா, அவர்தான். "என்னங்க!" என்று கத்தினாள். அவர் கூடத்தைக் கடந்து போனார். திரும்பவில்லை.

"பாப்பு!" என்று கூப்பிட்டார்.

"வந்துட்டேங்க," என்றது படுக்கையறை. இவளுடைய குரலில்.

எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. உரிமையாளர் கட்டத்தில் 'வீட்டுக்காரி' இல்லை. ஓர் எண் இருந்தது. நீளமான எண்.

அவர் அறை வாசலுக்கு வந்து நின்றார். நாற்காலியைப் பார்த்தார். அதற்குப் பின்னால் இருந்த சுவரையும் பார்த்தார்.

"இங்க யாருமே இல்லம்மா," என்று திரும்பிச் சொன்னார். "கம்ப்யூட்டர்தான் சும்மா ஓடிட்டு இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அதே சிரிப்பு.

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பச்சை நைட்டிக்காரி எட்டிப் பார்த்தாள். அவள் மட்டும் நாற்காலியை நேராகப் பார்த்தாள். பார்வையை எடுக்காமலே கையை நீட்டி விளக்கை அணைத்தாள்.