ஏழாவது விளக்கு

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த நாடகக் கொட்டகையைத் தேடி அலைய வேண்டியதில்லை. காசிராஜன் பந்தல் கடை குடோன் எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். நாடகம் நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போது அங்கே கல்யாண வீட்டு நாற்காலிகளும் அண்டா குண்டாக்களும்தான் குடியிருக்கின்றன.

பிரேம்குமாரும் அவன் மனைவி ஜெயசித்ராவும் ராஜபாளையத்திலிருந்து லோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. ஆறு விளக்குகள், ஒரு கட்டு வயர், ஒரு லேப்டாப். லேப்டாப்பை மட்டும் கைக்குழந்தை மாதிரி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

காரணம் உண்டு. நூல் மில்லில் மெஷின்களின் எலெக்ட்ரானிக்ஸைப் பார்க்கும் வேலை அவனுக்கு. வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த லேப்டாப்தான் உலகம். பங்குச் சந்தையில் தானே வாங்கித் தானே விற்கும் ஒரு புரோகிராமை அதில் ஓடவிட்டிருந்தான். மேடை விளக்குகளை ஆட்டி வைக்கும் இன்னொரு புரோகிராமும் அதிலேயே இருந்தது. அது உலகத்தில் முகம் தெரியாத பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று இலவசமாக விட்டுவைத்தது. இவனும் எடுத்தான், மாற்றினான், மாற்றியதைத் திரும்பக் கொடுத்தான். மச்சினன் அதற்குப் பைத்தியம் என்று பெயர் வைத்தான். பெரிய தப்பில்லை.

ஜெயசித்ராவுக்கு இருந்த பைத்தியம் ஒன்றே ஒன்றுதான், நடிப்பு. கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போனதை இப்போதுதான் மறுபடி பிடித்திருக்கிறாள். அவள் ஒருத்தியே நடிக்கும் நாடகம், வரும் ஞாயிற்றுக்கிழமை இதே கொட்டகையில். "வெளிச்சத்த மட்டும் நீங்க பாத்துக்கிடுங்க. வேற யாரும் வேண்டாம், எனக்குப் பயமா இருக்கும்" என்று கேட்டிருந்தாள். கேட்ட அன்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

மேடையைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் இறங்கியது. மேடைக்கு முன்னால் பக்கவாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம். அதில் பந்தல் இரும்புக் குழாய்களைச் செங்குத்தாக அடுக்கி வைத்திருந்தார்கள். கடைசிக் காட்சியில் அவள் மேடையின் விளிம்பு வரை நடந்து வர வேண்டும். ஒரு அடி தப்பினால் அந்தக் குழாய்களின் மேல்தான் விழுவாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்புறப்படுத்திவிடுகிறேன் என்று கொட்டகையைத் திறந்துவிட்ட காசிராஜன் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

"தம்பி, ஒரு சங்கதி" என்றார் பிறகு, குரலைத் தாழ்த்தி. "மேடைய மட்டும் மொத்தமா இருட்டாக்கிராதீய. எந்நேரமும் ஒரு வெளக்காவது எரியணும். எங்க அய்யா காலத்துலேருந்து அதான் பழக்கம்."

"ஏன் அண்ணாச்சி?"

காசிராஜன் மேலே பார்த்தார். மேடையில் நிற்பவருக்கு இடது பக்கம், கூரைக்குக் கீழே ஒரு மரப் பரண். அதிலிருந்து ஓர் ஏணி இறங்கியது.

"தவசிமுத்துன்னு லைட்டு போடுதவிய. அந்தப் பரண்ல இருந்துதான் அடிப்பாவ. ஒரு நா ஆட்டத்துக்கு நடுவுல கரண்டு போச்சு. மேடையில நின்ன பொம்பள இருட்டுல பயந்துருவாளேன்னு தட்டுத்தடுமாறி எறங்குனாவ. ஏணியிலேருந்து விழுந்து அங்கனயே போய்ச் சேந்துட்டாவ. மேடை முழுசா இருட்டுனா, வெளக்க அவிய எடுத்துக்கிடுவாவ."

செட்டியார்பட்டியிலிருந்து யாரோ நாற்காலி கேட்டுப் போன் செய்ய, அவர் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

பிரேம்குமாருக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஓர் ஊரில் ஒரு பழக்கம் என்றால் அதை மதிக்க வேண்டும் என்ற மரியாதை உண்டு. ஆறாவது விளக்கை மங்கலாக வைத்து, அது அணையவே கூடாது என்று புரோகிராமில் எழுதினான்.

அவன் மறந்துபோனது வேறொன்றை.

பங்கு வியாபாரத்துக்கென்று அவன் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு எழுதி வைத்திருந்தான். சந்தையில் புரியாத ஏதாவது நடந்தால், எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் பூஜ்யத்துக்கு வந்து சும்மா இரு. பதற்றத்தில் அவனே மறுபடி உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று, கொஞ்ச நேரத்துக்குத் தன் கையையே கட்டிப்போடும் ஒரு பூட்டும் அதில் இருந்தது. பலமுறை அது அவனைக் காப்பாற்றியிருக்கிறது. அதே ஏற்பாட்டை அப்படியே எடுத்து விளக்குக்கும் ஒட்டியிருந்தான். சந்தையில் பூஜ்யம் பத்திரமான இடம். மேடையில் பூஜ்யம் என்றால் என்ன என்று அவன் யோசிக்கவே இல்லை.

கதவை அடைத்தார்கள். வெளியே பட்டப்பகல், உள்ளே ஆறாவது விளக்கின் மங்கல் தவிர மை இருட்டு. காய்ந்த தகரமும் வௌவால் எச்சமும் பழைய சாக்கும் கலந்த ஒரு வாடை. உள்ளே டவர் கிடைக்காததால் போனை வாசல் ஜன்னலிலேயே வைத்துவிட்டு, கொட்டகையின் பின்பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்தான்.

"ஆரம்பிக்கட்டுமா?" என்றாள் ஜெயசித்ரா.

"ம்."

அவள் பேசத் தொடங்கினாள். வீட்டில் தோசை ஊற்றும்போது முணுமுணுத்த அதே வசனங்கள்தான். ஆனால் இங்கே கேட்டபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. நம் வீட்டுக்குள் இப்படி ஒருத்தி இருந்தாளா என்று பெருமையாகவும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. விளக்குகள் சொன்ன பேச்சைக் கேட்டன. ஒவ்வொன்றும் தன் நிலையை லேப்டாப்புக்குத் திருப்பிச் சொல்லும். திரையில் ஆறு விளக்குக்கு ஆறு வரி.

கடைசிக் காட்சி. அவள் விளிம்பை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

அப்போது ஒரு வாசம் வந்தது. சூடாகும் பழைய பல்பின் மேல் தூசி கருகும் வாசம்.

அவனுடைய விளக்குகள் புதுசு. அவை சூடாவதே இல்லை.

திரையைப் பார்த்தான். ஏழு வரி.

ஏழாவது விளக்கு என்று ஒன்று கிடையாது. அதற்கு வயரும் கிடையாது. ஆனால் அது பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வெளிச்சம் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது.

மேலே பரண் பலகை முனகியது.

புரியாத ஏதோ நடக்கிறது என்று புரோகிராமுக்குத் தெரிந்துவிட்டது. அது என்ன செய்ய வேண்டும் என்று அவன் சொல்லிக் கொடுத்திருந்தானோ, அதைச் செய்தது.

எல்லாம் பூஜ்யம். ஆறாவது விளக்கும்தான்.

"ஏங்க..." இருட்டுக்குள் அவள் குரல்.

"அசையாத சித்ரா! நின்ன எடத்துல நில்லு!"

விசைகளைத் தட்டினான். பூட்டு திறக்கவில்லை. காத்திரு என்றது திரை, அவன் எழுதிய அதே வார்த்தையில். சொந்தப் புத்தியை அவன் வாழ்நாளில் அப்படிச் சபித்ததில்லை. எழுந்து மேடையை நோக்கி ஓடினான். அடுக்கி வைத்த நாற்காலிகள் அவன்மேல் சரிந்தன.

விழுந்து கிடந்த இடத்திலிருந்து அவன் அதைக் கேட்டான்.

ஏணியில் யாரோ இறங்கும் சத்தம்.

அவசரமில்லாமல், ஒரு படி. இன்னொரு படி.

பிறகு வெளிச்சம் வந்தது. மஞ்சள் வெளிச்சம், பரணின் உயரத்திலிருந்து. மேடையில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஜெயசித்ரா. அவளுடைய வலது கால் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் இருந்தது.

வட்டம் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. அவள் காலை எடுத்து உள்ளே வைத்தாள். வட்டம் இன்னும் நகர, அவளும் கூடவே நகர்ந்தாள். முகத்தை மேலே தூக்கி, வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்தபடி. யாராக இருந்தாலும் நீ நல்லா இருக்கணும் என்று அவன் மனசு அழுதது. கையெடுத்துக் கும்பிட்டான்.

வட்டம் நிற்கவில்லை.

மேடையின் நடுவைத் தாண்டிப் போனது. ஏணியின் பக்கம் போனது. அவளும் போனாள். ஏணியின் முதல் படியில் கால் வைத்தாள்.

"சித்ரா! ஏட்டி சித்ரா!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கும்பிட்ட கையைத் தரையில் ஊன்றி எழுந்து, கதவை நோக்கி ஓடி, இரண்டு பலகையையும் உதைத்துத் திறந்தான். வெயில் பொலபொலவென்று உள்ளே கொட்டியது. மஞ்சள் வட்டம் அந்த வெயிலில் கரைந்து காணாமல் போனது.

அவன் போய்ச் சேர்ந்தபோது அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு, தூக்கத்தில் எழுப்பப்பட்டவள் மாதிரி விழித்தாள். அவள் இடது கன்னத்தைத் தொட்டான். அடுப்பு முன்னால் உட்கார்ந்து எழுந்தவளுடைய கன்னம் போலச் சுட்டது. பரணை நிமிர்ந்து பார்த்தான். அங்கே விளக்கும் இல்லை, ஆளும் இல்லை.

சத்தம் கேட்டுக் காசிராஜன் ஓடி வந்தார். சரிந்த நாற்காலிகளைப் பார்த்தார், அணைந்து கிடந்த விளக்குகளைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இருட்டிருச்சா?"

"செத்த நேரம்தான் அண்ணாச்சி."

"வெளிச்சம் வந்துச்சா? தங்கச்சி மேல பட்டுச்சா?"

பிரேம்குமாருக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பட்டது என்று சொன்னால் இவர் அடுத்து ஏதோ சொல்வார். அதைக் கேட்கும் தெம்பு அவனுக்கு இல்லை.

"இல்ல. படல."

"அப்பச் சரி" என்று காசிராஜன் பெருமூச்சு விட்டார். "பட்டா விடமாட்டாவ, அதான் கேட்டேன்."

விளக்குகளை அங்கேயே போட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தான். நாடகமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், வீடு போய்ச் சேர்ந்தால் போதும். ராஜபாளையம் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றார்கள். உச்சி வெயில். சர்பத் கடைக்காரனின் நிழல், சைக்கிளில் போகிறவனின் நிழல், அவனுடைய நிழல், எல்லாம் அவரவர் காலடியிலேயே சுருண்டு கிடந்தன.

ஜெயசித்ராவின் நிழல் மட்டும் வலப்பக்கமாக நீண்டு, ரோட்டின் பாதி வரை விழுந்திருந்தது.

அவன் அவளை இரண்டு அடி தள்ளி நிற்கச் சொன்னான். நிழலும் நீளம் குறையாமல் கூடவே நகர்ந்தது. மரத்தடிக்குக் கூட்டிப் போனான். மர நிழலுக்குள்ளும் அவள் முகத்தின் இடது பாதி மஞ்சளாகத் துலங்கியது.

"என்னங்க அப்படிப் பாக்கிய?" என்று கேட்டாள். பிறகு கண்ணைச் சுருக்கி, இடது கையைப் புருவத்தின் மேல் வைத்து, மரத்தைத் தாண்டி வெறும் வானத்தில் ஓரிடத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணு கூசுது. அவியகிட்ட கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க."

அவன் பதில் சொல்வதற்குள் அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது.