வள்ளல் திறந்துவிட்ட குளம்

மீன்வளத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஆவுடையப்பன் அசதியோடு கதவைத் திறந்தார். குளத்துக் காவலாளி ராக்கன் கைகட்டி நின்றார்.

"அய்யா, வெற்றிசெல்வன் மொதலாளி இன்னக்கி தன் சொந்தக் கொளத்த ஊருக்கே மீன்பிடிக்கத் தெறந்துவிட்டாருங்க. எறங்குனவுக அத்தன பேருக்கும் நத்ததான் கெடச்சுச்சு, ஒரு மீனு இல்ல. நேத்து ராத்திரி நான்தான் வலைபோட்டு வித்துட்டேன்னு மைக்குல சொல்லிட்டாரு. போலீசுக்கும் போறாராம். பத்து நாள் கறம்பக்குடி மக வீட்டுல இருந்துட்டு வாடான்னு அவருதாங்க லீவு குடுத்தாரு. நேத்து பொழுது சாயத்தான் திரும்புனேன்."

ஆவுடையப்பன் பெருமூச்சு விட்டார். ஓய்வு கொடுத்தது அரசாங்கம்தான், மீன்கள் கொடுக்கவில்லை. உதவியாளர் சுடர்விழி அதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டாள்.

இலுப்பூருக்கு வெளியே குளக்கரையில், 'நீர்நிலை வள்ளல்' என்ற பிளெக்ஸ் தட்டியின் கீழ் வெற்றிசெல்வன் நின்றார். எதிரே வெறுங்கூடைகளோடு கூட்டம். ராக்கனும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

"மருந்து கலந்து கொன்னிருப்பாங்களோ சார்?" என்றாள் சுடர்விழி.

"செத்த மீன் மெதக்கும்மா."

கரையில் கருவை முள் குவிந்து கிடந்தது. யாரும் திருட்டு வலை இழுக்காதிருக்கத் தண்ணீருக்குள் போட்டு வைக்கும் முள் அது.

"இத எப்ப வெளிய எடுத்தீங்க?"

வள்ளல் நெஞ்சை நிமிர்த்தினார். "நேத்துக் காலையில. மக்க கால்ல குத்திரக் கூடாதுன்னு நானே வெயில்ல நின்னு எடுக்க வச்சேன். அதுவரைக்கும் ஒரு கொப்புகூட வெளிய வரல."

ஆவுடையப்பன் குச்சியால் முள்ளை விலக்கினார். நடுவே எலுமிச்சை அளவில் ஒரு குளவிக்கூடு. அறைகளில் புழுக்கள் கொழுத்திருந்தன.

"குளவி தண்ணிக்குள்ள கூடு கட்டாதுங்க. கட்டி, முட்ட வச்சு, புழு இவ்வளவு பெருசாக ஒரு வாரமாச்சும் வேணும். அப்ப முள்ளு போன வாரமே வெளிய வந்திருச்சு. முள்ளு போனாத்தான் வலை இழுக்க முடியும். அன்னக்கி ராக்கன் கறம்பக்குடியில. அனுப்புனது நீங்க. முள்ளெடுக்க நின்னதும் நீங்கதான்னு இப்பத்தான் சொன்னீங்க."

"மீனும் வேணும், பேரும் வேணுமாக்கும்!" கூட்டத்திலிருந்த காத்தாயி கூடையைத் தூக்கிக் காட்டினாள். "எங்கள எதுக்குய்யா எறக்குன, குளிப்பாட்டவா?"

வள்ளல் பிளெக்ஸின் நிழலுக்குள் ஒதுங்கினார். "மீன் யாவாரி அவசரப்படுத்திட்டான்..."

"மைக்குல சொன்ன பழிய மைக்குலயே எடுத்துருங்க," என்றார் ஆவுடையப்பன் களைப்பாக. "எனக்கு நிக்க முடியல."

ராக்கன் திருடவில்லை என்பது ஒலிபெருக்கியில் இரண்டு முறை கேட்டது. முதல்முறை கூட்டத்துக்குப் போதவில்லை.

"சரி, நாளையிலேருந்து காவலுக்கு வந்துரு ராக்கா," என்றார் வள்ளல், பெருந்தன்மையாக.

ராக்கன் குளத்தை ஒருமுறை பார்த்தார்.

"எதைங்க காக்குறது?"