டூர் பதினேழு, நாற்பத்திரண்டாவது ஆள்

ஹெட்போனின் இடது காதுப் பஞ்சு அன்றைக்கும் ஈரமாக இருந்தது. ஆரோக்கிய அனிதா அதைத் துப்பட்டா நுனியால் துடைத்தாள். ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த பால் பாக்கெட் மாதிரி சில்லென்றிருந்தது. ஏசி போடவில்லை. மார்கழி மாதத்தில் சிதம்பரத்தில் எவன் ஏசி போடுவான்? இரண்டு வாரத்தில் இது மூன்றாவது ஹெட்போன்.

"பாலகுமார் சார், இதையும் மாத்திக் குடுங்களேன். ஈரமா இருக்குது."

மேற்பார்வையாளர் பாலகுமார் நிமிராமலே சொன்னார். "உனக்கு மட்டும் எப்படிம்மா ஈரமாவுது? காதுல வேர்க்குதா? காய வச்சுப் போடும்மா."

அவள் அதையே மாட்டிக்கொண்டாள். சண்டை போட உடம்பில் தெம்பு இல்லை. செம்மண்டலத்து வீட்டில், கால் எலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கும் கணவன் லூயிஸுக்குக் காலையில் எல்லாம் செய்து கொடுத்துவிட்டு, ஒன்றேகால் மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, பதினொன்றிலிருந்து எட்டு வரை காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

அந்த அலுவலகத்தின் வேலை இதுதான்: ஐரோப்பாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற தமிழ்ப் பெற்றோர்களை, ஒரே நாளில் போய்த் திரும்பும் டூர்களுக்கு அனுப்பி வைப்பது. காலையில் ஒரு பழைய கோட்டை ஊர், மத்தியானம் ஒரு பனிமலை, ராத்திரிக்குள் வீடு. ஒவ்வொருவர் கழுத்திலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி தொங்கும். அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் சிதம்பரத்தில், ஒரு மருந்துக்கடை மாடியில், அனிதாவின் காதில் மணி அடிக்கும். எந்தக் கோட்டையில் கழிப்பறை எந்தப் பக்கம், எந்த மலையில் சூடாக டீ கிடைக்கும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள் கண்ணால் பார்த்த தூர தேசம் பாண்டிச்சேரிதான்.

வழி தவறியவர்களுக்குச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "நீங்க நிக்கிற எடத்துலயே நில்லுங்க. பஸ் வரும்." ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை சொல்வாள். தூக்கத்தில்கூட அதைச் சொல்கிறாள் என்று லூயிஸ் கேலி செய்வான்.

இந்த ஈரமெல்லாம் தொடங்குவதற்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ராத்திரி ஏழு நாற்பதுக்கு, டூர் பதினேழிலிருந்து அந்த அழைப்பு வந்தது. அங்கே மணி மூன்று பத்து. நாற்பத்திரண்டாம் நம்பர்.

"அலோ, யாருங்க? பஸ்ஸக் காணோங்க."

"ஐயா, எங்க நிக்கறீங்க?"

"மேல மலையிலதான். கம்பியில தொங்கிப் போற பழைய கயித்து வண்டி ஒண்ணு துருப்புடிச்சுக் கெடக்குது, அதுக்குப் பின்னாடி ஒரு பஸ் ஷெட்டு. ஒண்ணுக்குப் போயிட்டுத் திரும்பிப் பாத்தா ஒருத்தரையும் காணோம். பனி வேற கொட்டுது." பல் கிடுகிடுக்கிற சத்தத்துக்கு நடுவில் அவர் சிரித்தார். "உன் பேச்சைக் கேட்டா நம்ம பக்கத்துப் பொண்ணாட்டம் இருக்குது. எந்த ஊரும்மா?"

சொல்லக் கூடாது என்பது விதி. "கடலூருங்க. செம்மண்டலம்."

"அட! நான் குறிஞ்சிப்பாடிம்மா. கொளஞ்சியப்பன். அப்ப எனக்கென்னா பயம்? என்னா செய்யணும், சொல்லு."

"நிக்கிற எடத்துலயே நில்லுங்க. பஸ் வரும்."

"நீ சொன்னா சரிம்மா. நம்ம ஊரு பொண்ணு."

வழிகாட்டிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. ஆனால் அவனிடமிருந்து செய்தி வந்தது: நாற்பத்திரண்டு பேர், சரி, கிளம்பிவிட்டோம். அப்படியானால் கிழவர் ஏறியிருப்பார் என்று நினைத்தாள். இல்லை, நினைக்க ஆசைப்பட்டாள். எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மறுபடி நாற்பத்திரண்டு அடித்தது. "நிக்கறன்ம்மா. அங்கயேதான் நிக்கறன்." அவளுக்கு எட்டு ஐந்துக்குப் பஸ். அதை விட்டால் அடுத்தது எட்டு ஐம்பதுக்குத்தான், அதிலும் உட்கார இடம் கிடைக்காது. "வரும்ங்கய்யா," என்று சொல்லி வைத்துவிட்டு, திரையில் 'பயணி பஸ்ஸில் ஏறிவிட்டார்' என்று பதிவு செய்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

வழிகாட்டி தன்னையும் சேர்த்து எண்ணித் தொலைத்திருந்தான்.

மறுநாள் எல்லோரும் அனிதாவின் பதிவை நம்பினார்கள். மலையில் பஸ் ஏறியவர், திரும்பும் வழியில் கோட்டை ஊரில் டீக்கு இறங்கியபோது எங்கோ போய்விட்டார் என்று முடிவு கட்டி, அந்த ஊர் ஆற்றில் படகு விட்டுத் தேடினார்கள். மேலே போகும் ரோட்டை அன்றைக்கே பனி மூடிவிட்டது, இனி மார்ச்சில்தான் திறப்பார்களாம். கயிற்று வண்டிக்குப் பின்னாலிருக்கும் ஷெட்டைப் பற்றி இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த வார்த்தையோடு வேலை போகும், போலீஸ் வரும், லூயிஸின் கட்டில் பக்கத்தில் மாத்திரை இருக்காது. அழைப்புகளின் ஒலிப்பதிவு பத்து நாளில் தானாக அழிந்துவிடும். பதினோராம் நாள்தான் அவள் வயிறாரச் சோறு சாப்பிட்டாள், சாப்பிட்டதற்காகத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. கிறிஸ்துமஸ் பூசையில் எல்லோரும் நன்மை அப்பம் வாங்க வரிசையில் போனபோது கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

கருவியின் பேட்டரி இரண்டு நாள்தான் தாங்கும். ஆனால் தினமும் ஏழு நாற்பதுக்குத் திரையில் நாற்பத்திரண்டாம் நம்பரின் பச்சைப் புள்ளி எரிந்தது. முதலில் அவள் எடுக்கவில்லை. நான்காம் நாள் எடுத்தாள். நீளமான காற்றின் இரைச்சல், அதற்கடியில் ஈரத் துணியை யாரோ மெல்லப் பிழிவது போன்ற சத்தம், அப்புறம் வெகு நிதானமாக, பல் கிடுகிடுக்காத ஒரு குரல். "நிக்கறன்ம்மா."

அன்றிலிருந்து எடுக்காவிட்டாலும் பஞ்சு ஈரமானது. நனைந்த கம்பளி வாசனையும் வெற்றிலை வாசனையும் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டன. துவைத்தும் போகவில்லை. இடது காது மடல் வெளுத்து மரத்துப்போனது. குனிந்து மெழுகுவர்த்தி ஏற்றும்போது அதில் சுடர் தெரியாமல் பட்டதில் கொப்புளம் வந்தது, வலிக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்த ஒருநாள், பி.முட்லூர் நிழற்குடையில் மங்கி குல்லா போட்ட ஒரு பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மார்கழிப் பனிக்கு ஊரில் பாதிப் பேர் மங்கி குல்லாதான், அதிலென்ன இருக்கிறது. புதுச்சத்திரத்தில் இன்னொருவர் அதே போல உட்கார்ந்திருந்தார். ஆலப்பாக்கத்திலும். மூவருக்கும் அளவுக்கு மீறிப் பெரிய கறுப்புக் கோட்டு, மகனுடையதை வாங்கி மாட்டிக்கொண்டது மாதிரி. மூவரும் பஸ்ஸை நிறுத்தக் கை காட்டவில்லை. மறுநாளிலிருந்து அவள் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை சொல்லியபடி வந்தாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது நாலு மணி போன்தான். கொளஞ்சியப்பனின் மனைவி விருத்தாம்பாள், டூர் சீட்டில் இருந்த நம்பருக்குக் குறிஞ்சிப்பாடியிலிருந்து தினமும் கூப்பிடுவாள், முதல் நாளே ஊரையும் பேரையும் கேட்டு வைத்துக்கொண்டதால் கடலூர்ப் பொண்ணு அனிதாவிடம்தான் பேசுவேன் என்று கேட்பாள். அழ மாட்டாள். தேடுறாங்களா என்று கேட்டுவிட்டு, நீ சாப்பிட்டியா கண்ணு என்றும் கேட்பாள்.

பதினைந்தாம் நாள் அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"கண்ணு, நாளைக்குப் பதினாறாம் நாளு. எங்க பங்காளிங்க எல்லாம் கருமாதியப் பண்ணிடலாங்கறாங்க. எம்புள்ள வேணாம், அப்பா வந்துடுவாருங்கறான். உசுரோட இருக்கற மனுசனுக்குக் காரியம் பண்ணா அது பாவம். செத்த மனுசன அப்படியே உட்டாலும் பாவம். தாலிய வெச்சுக்கறதா எடுத்துடறதான்னு எனக்குத் தெரியல. நீ அங்க எல்லாத்தையும் பாக்கறவ. நான் என்னா பண்ணட்டும், சொல்லும்மா."

அனிதாவின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மேல இருக்காரும்மா, ஷெட்டுல. ஐந்தாறு வார்த்தைகள்தான். பின்னால் பாலகுமாரின் நாற்காலி கிறீச்சிட்டது.

"காத்திருங்கம்மா," என்றாள். "வருவாரு."

"நீ சொன்னா சரிம்மா. நம்ம ஊரு பொண்ணு."

அன்று ஏழு நாற்பதுக்கு மணி அடிக்கவில்லை.

ஏழு நாற்பத்தைந்து ஆனது. பச்சைப் புள்ளி இல்லை. பஞ்சைத் தொட்டுப் பார்த்தாள், உலர்ந்திருந்தது. விட்டது சனியன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு தோள் இரண்டும் தளர்ந்து, அப்படியே மேசையில் கவிழ்ந்து தூங்கலாம் போலிருந்தது. எட்டு மணிக்கு இறங்கி, கடலூர் ரோட்டில் வழக்கமாக ஏறும் நிழற்குடைக்கு நடந்தாள். எதிரே டீக்கடையில் பால் பொங்கும் வாசனை. பூ விற்கும் அம்மா மிச்சச் சரத்தை வாழை இலையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

எட்டு ஐந்து பஸ் வந்தது. கை காட்டினாள். ஓட்டுநர் அவளை நேராகப் பார்த்தார், அல்லது அவள் வழியாக எதையோ பார்த்தார். பஸ் நிற்கவில்லை. திமிரு பிடிச்சவன் என்று திட்டினாள். அடுத்து ஒரு மினி பஸ், அதுவும் நிற்கவில்லை. ஷேர் ஆட்டோ ஒன்று அவள் காலை உரசுகிற மாதிரி போனது, உள்ளே இருந்த ஒருவரும் திரும்பவில்லை.

பனி இறங்கியது. முதலில் தெருவிளக்கைச் சுற்றி மட்டும், அப்புறம் டீக்கடைப் பலகை மங்கியது, அப்புறம் கடையே தெரியவில்லை. பால் வாசனை போய் வேறு வாசனை வந்தது. நனைந்த கம்பளி. வெற்றிலை.

மாதாவே.

நடந்து போய்விடலாம் என்று திரும்பினாள். பத்தடி வைத்தாள். முன்னால் நிழற்குடை. மறுபக்கம் திரும்பிப் பத்தடி. முன்னால் நிழற்குடை. ரோட்டின் சத்தம் நின்றுபோயிருந்தது. எங்கோ உயரத்தில் இரும்புக் கயிறு ஒன்று காற்றில் முனகியது.

போனை எடுத்தாள். விரல் வளையவில்லை. விருத்தாம்பாளின் நம்பர். சொல்லிவிட வேண்டும். வேலை போகட்டும். போலீஸ் வரட்டும். மேல இருக்காரும்மா, ஷெட்டுல, காரியத்தப் பண்ணிடுங்க. சொல்லிவிட்டால் போதும்.

மணி அடித்தது. எடுத்தார்கள்.

"அம்மா! விருத்தாம்பாம்மா! நான் அனிதா..."

"சொல்லுங்க," என்றது ஒரு குரல். அலுத்த குரல். வீட்டுக்குப் போக அவசரப்படும் குரல். அவளுடைய குரல்.

"நீங்க நிக்கிற எடத்துலயே நில்லுங்க. பஸ் வரும்."

வைத்துவிட்டார்கள்.

செருப்புக்கு மேலே கால் விரல்கள் தெரியவில்லை. வெள்ளையாக ஏதோ மூடியிருந்தது. குனிந்து தொட்டாள். பஞ்சு மாதிரி. சுடுகிற மாதிரி குளிர்ந்தது. அழுகை வந்தது. கண்ணீர் கன்னத்திலேயே நின்றுவிட்டது.

பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது.

அவள் திரும்ப விரும்பவில்லை. திரும்பினாள்.

மங்கி குல்லா. பெரிய கறுப்புக் கோட்டு. தோள்களில், மடியில், முழங்காலில், பதினைந்து நாள் பனி. குல்லாவுக்குள் முகம் இருக்கும் இடத்திலும் பனிதான். கழுத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு பச்சை வெளிச்சம்.

அவர் கோபப்படவில்லை. ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து, விறைத்த கையால், பக்கத்தில் படிந்திருந்த பனியை மெல்லத் தட்டிவிட்டார்.

"ஒக்காரும்மா. வரும்."

ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பெஞ்சு சுத்தமாகும்வரை அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.